பொம்மைவீட்டு அறைக்குக் கிறிஸ்துமஸ் அலங்காரம்: கணப்பு அடுப்பா, கம்பிக் கதவா?

முத்துச்சரம் | நவம்பர் 2

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பிறந்தநாள் பரிசாக ஒரு மர அறைப்பெட்டியைத் தந்திருக்கிறாள். அளவு 1:12, அதாவது ஓர் அடி ஓர் அங்குலமாகச் சுருங்கும் வழக்கமான பொம்மைவீட்டு அளவு. அகலம் 14 அங்குலம், ஆழம் 11, உயரம் 10. முன்பக்கம் அக்ரிலிக் பலகை. பின்சுவரில் ஐரோப்பிய வீடுகளில் இருப்பது போன்ற கணப்பு அடுப்பும், அதன்மேல் ஒரு மாடமும் செதுக்கியிருக்கிறார்கள்.

டிசம்பர் 24க்குள் இந்த அறையைக் கிறிஸ்துமஸுக்காக அலங்கரித்து முடிக்க வேண்டும் என்பது என் எண்ணம். என் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயதாகிறது; எங்களோடுதான் இருக்கிறார். அவர் படுக்கைக்கு எதிரே உள்ள அலமாரியில் இதை வைக்கப் போகிறேன். கணப்பு அடுப்பைச் சுற்றி மாலைகளும் காலுறைகளும் தொங்கவிடலாம் என்று தொடங்கினேன். வாங்கிவந்த பொருள்களை உள்ளே வைத்துப் பார்த்தபோது ஏதோ கடையின் காட்சிப்பெட்டியைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. எங்கே தவறு செய்கிறேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

சிராங்கூன் தென்றல் | நவம்பர் 2

வணக்கம் அம்மா. கணப்பு அடுப்பை விட்டுவிடாதீர்கள். அதற்கென ஒரு கிறிஸ்துமஸ் இருக்கிறது. அதைச் சரியான ஆண்டோடு செய்தால் அறை உயிர்பெறும். நீங்கள் எந்த ஆண்டு என்று முடிவு செய்யவில்லை என்பதுதான் குறை என்று நினைக்கிறேன்.

எடுத்துக்காட்டாக, இது 1850இல் இங்கிலாந்திலுள்ள ஒரு வீட்டின் வரவேற்பறை என்று வைத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா அரசியாரும் இளவரசர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகை ஒன்றில் 1848ஆம் ஆண்டு வெளிவந்த பிறகுதான் அங்கே நடுத்தரக் குடும்பங்களில் மரம் வைக்கும் வழக்கம் பரவியது. ஆகவே உங்கள் அறையில் மரம் இருக்கலாம். ஆனால் அதன் கிளைகளில் மெழுகுவத்திகள்தாம் இருக்க வேண்டும், ஏனென்றால் மின்விளக்கு பூட்டிய முதல் மரம் நியூயார்க்கில் 1882இல்தான் வந்தது. மாடத்தின்மேல் இரண்டு மூன்று வாழ்த்து அட்டைகளை வைக்கலாம். ஹென்றி கோல் முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிட்டது 1843இல். அதே அறையை 1780 என்று சொன்னீர்களானால் மரத்தையே எடுத்துவிட்டுப் பசுங்கிளைகளை மட்டும் வைக்க வேண்டியிருக்கும்.

சிகாகோ கலைக்கழகத்தில் தோர்ன் அம்மையாரின் குறுவடிவ அறைகள் 68 இருக்கின்றன. 1932 முதல் 1940 வரை அவர் தேர்ந்த கைவினைஞர்களைக் கொண்டு 1:12 அளவில் செய்வித்தவை அவை. குளிர்காலத்தில் அவற்றுள் சிலவற்றை அந்தந்தக் காலத்துக்கும் நாட்டுக்கும் உரிய முறையில் பண்டிகைக்கோலத்தில் வைக்கிறார்கள். எல்லா அறைக்கும் ஒரே மரத்தை வைப்பதில்லை. அந்த ஒழுங்கை நாமும் பின்பற்றினால் பாதி வேலை முடிந்துவிடும்.

மரவேலைப்பிரியன் | நவம்பர் 3

தென்றல் சொன்னதில் ஆண்டு பற்றிய கருத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கடைக்காட்சி போல் தோன்றுவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் அளவுதான். நீங்கள் வாங்கியவற்றை ஓர் அளவுகோலை வைத்து அளந்து 12ஆல் பெருக்கிப் பாருங்கள். பல கடைகளில் கிடைக்கும் சிறு மரங்களும் பரிசுப் பொட்டலங்களும் எந்த அளவுவிகிதத்துக்கும் செய்யப்பட்டவை அல்ல. ஒட்டிச் செய்யும் அட்டைப்பெட்டி அறைகளோ பெரும்பாலும் 1:24. அவற்றுக்கான நாற்காலி உங்கள் அறையில் மழலையர் பள்ளி நாற்காலி போலத்தான் நிற்கும்.

நான் அதிகம் பார்க்கும் பிழை விளக்குகளில் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் எல்இடி ஒன்றை மரத்தில் பொருத்தினால் அது நிஜத்தில் 36 மில்லிமீட்டர், கிட்டத்தட்டப் பிங்பாங் பந்தின் பருமன். அப்படி ஐம்பது பந்துகள் எரியும் மரத்தை நம் வீட்டில் யாரும் வைப்பதில்லை. 6 சென்டிமீட்டர் வண்ணக் குண்டு இங்கே 5 மில்லிமீட்டராக வேண்டும். வாசலில் தொங்கும் ஓர் அடி வளையம் ஓர் அங்குலமாக வேண்டும். கண்ணுக்கு இது மிகச் சிறிதாகத் தெரியும். நம்புங்கள், அக்ரிலிக் பலகையை மாட்டிவிட்டுக் கண்ணை அறையின் நிலைமட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால் சரியாக இருக்கும்.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். அந்தக் கணப்பு அடுப்பில் உங்கள் அம்மாவுக்கு என்ன இருக்கிறது?

முத்துச்சரம் | நவம்பர் 4

ஐயா, உங்கள் கடைசிக் கேள்வியை நேற்றிலிருந்து மனத்தில் வைத்திருந்தேன். நேரடியாகச் சொன்னால், ஒன்றும் இல்லை. அம்மா தம் வாழ்நாளில் கணப்பு அடுப்பின் முன் உட்கார்ந்ததே கிடையாது.

அவர் நாற்பது ஆண்டு கிறிஸ்துமஸ் கொண்டாடியது இங்கே சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் மூவறை வீட்டின் வரவேற்பறையில். அந்த அடுக்குமாடி புளோக் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். கம்பிக் கதவு, சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டைச் சன்னல், புள்ளிபுள்ளியாக வண்ணக்கல் பதித்த தெராசோ தரை, சுவரில் தினக்காலண்டர், வானொலிப் பெட்டியின் மேல் நான்கடி உயரப் பிளாஸ்டிக் மரம், மூலையில் அப்பா கட்டும் குடில். நள்ளிரவுப் பூசைக்கு ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்துக்குப் போய்விட்டு, திரும்பி வந்து குழந்தை இயேசுவைக் குடிலில் வைத்த பிறகுதான் எங்களுக்குக் கேக் கிடைக்கும்.

தென்றல் சொன்னபடி ஆண்டையும் முடிவு செய்துவிட்டேன்: 1979. எனக்கு அப்போது ஒன்பது வயது. தெளிவாக நினைவிருக்கும் முதல் கிறிஸ்துமஸ் அதுதான்.

ஆனால் கணப்பு அடுப்பை என்ன செய்வது? பெயர்த்தெடுத்தால் பெட்டி உடைந்துவிடும் போல் இருக்கிறது.

மரவேலைப்பிரியன் | நவம்பர் 4

பெயர்க்க வேண்டாம். அதன்முன் 5 மில்லிமீட்டர் நுரை அட்டையில் ஒரு பொய்ச்சுவர் எழுப்புங்கள். பிராஸ் பாசா காம்பிளெக்ஸின் கலைப்பொருள் கடைகளில் கிடைக்கும். இரு சுவர்களுக்கும் நடுவே உருவாகும் இடைவெளி மின்கம்பிகளை மறைக்கப் பயன்படும். மேற்கூரையையும் இறக்க வேண்டும். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூரை உயரத்தை எட்டரை அடி என்று கொண்டால் உங்கள் பத்து அங்குலப் பெட்டியில் ஒன்றரை அங்குலம் மிஞ்சும். அந்த இடத்தில் விளக்குப் பட்டையை வைத்துவிடலாம். உயரத்தை இறக்கிய உடனேயே பிரபுவின் மாளிகை மறைந்து நம் வீடு வந்துவிடும்.

தெராசோ தரைக்கு ஒரு வழி சொல்கிறேன். முட்டையோடுகளைக் கழுவி, உள்சவ்வை உரித்துக் காயவைத்து, சிலவற்றுக்குச் சாம்பல், செங்கல், கறுப்பு நிறம் பூசிப் பொடியுங்கள். தேநீர் வடிகட்டியில் சலித்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டுகள் கீழே இறங்கும்; நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர் கல் அதுதான். வெள்ளைச் சுவர்ப்பூச்சுக் களிம்பில் அதைக் கலந்து மெல்லிய அட்டையின்மேல் தடவி, நன்றாகக் காய்ந்ததும் 400, பிறகு 1000 எண் உப்புத்தாளால் தேய்த்து மெருகெண்ணெய் பூசுங்கள். தேய்க்கத் தேய்க்கக் கற்கள் மேலே வரும். அந்தக் கணம் எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

ஈரத்தை மறக்காதீர்கள். வடகிழக்குப் பருவக்காற்று நெருங்கும் நேரம். டிசம்பர்தான் இங்கே மழை மிகுந்த மாதம். நீர் கலந்த வெள்ளைப் பசையை அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் தடவினால் மறுநாள் அது ஓலைபோல் வளைந்து நிற்கும். இரு பக்கமும் தடவி, கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வையுங்கள்.

சிராங்கூன் தென்றல் | நவம்பர் 5

என் கணப்பு அடுப்பு தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல காரணத்துக்காகத் தோற்றிருக்கிறது. ஆனால் 1979 என்றால் அதற்கும் அதே கண்டிப்பு வேண்டும். சன்னலுக்கு வெளியே ஆர்ச்சர்ட் சாலை அலங்கார விளக்குகளின் படத்தை வைக்க நினைக்காதீர்கள். அந்த விளக்கலங்காரம் 1984இல்தான் தொடங்கியது. வெளியே எதிர் புளோக்கின் சன்னல்களையே வையுங்கள், அவற்றில் நாலைந்து மட்டும் மஞ்சளாக எரியட்டும். தோர்ன் அறைகளிலும் சன்னலுக்கும் கதவுக்கும் அப்பால் ஒரு தோட்டமோ மறு அறையோ தெரியும்படி அமைத்து, ஒளியை அந்தப் பக்கத்திலிருந்து விழச் செய்திருக்கிறார்கள். அறைக்கு வெளியே ஓர் உலகம் இருக்கிறது என்று கண் நம்பிவிட்டால் பிறகு எதையும் நம்பும்.

தொலைக்காட்சி வைப்பதானால் வைக்கலாம். வண்ண ஒளிபரப்பு 1974இலேயே வந்துவிட்டது. தினக்காலண்டரில் 24ஆம் தேதி திங்கட்கிழமை என்று இருக்கட்டும். 1979இல் கிறிஸ்துமஸ் செவ்வாய்க்கிழமை வந்தது.

நெல்லைச்சீமை | நவம்பர் 6

அக்கா, இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் சீர்திருத்தத் திருச்சபை. எங்கள் வீட்டில் குடில் கட்டும் வழக்கம் இல்லை, ஆனால் வாசலில் நட்சத்திரம் இல்லாமல் டிசம்பர் பிறக்காது. உங்கள் கம்பிக் கதவுக்கு மேலே கட்டாயம் ஒரு நட்சத்திரம் தொங்க வேண்டும். இரண்டடி நட்சத்திரம் இரண்டங்குலம் ஆகும். தடித்த காகிதத்தில் ஐந்து முனைகளை வெட்டி மடித்து, நடுவில் துளையிட்டு, உட்புறம் டிரேசிங் தாளை ஒட்டினால் உள்ளே இருக்கும் விளக்கு இதமாகப் பரவும். சிவப்புத் தாள் வேண்டாம், அது ஒளியை விழுங்கிவிடுகிறது. நான் மூன்று செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்; வெளிர்மஞ்சள்தான் நன்றாக வந்தது.

அடுத்தது பலகாரம். மேசையில் கேக் மட்டும் இருந்தால் அது யார் வீட்டுக் கிறிஸ்துமஸாகவும் இருக்கலாம். அச்சுமுறுக்கு இருந்தால் அது நம் வீடு. ஏழு சென்டிமீட்டர் அச்சுமுறுக்கு இங்கே ஆறு மில்லிமீட்டர். களிமண்ணில் அந்த இதழ்களைக் கொண்டுவர முடியாமல் மிகவும் தவித்தேன். கடைசியில் காகிதச் சுருள் வேலைக்கான தாளை ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சீவி, ஊசிமுனையில் சுற்றி எட்டு இதழ் செய்து, நடுவில் ஒரு வளையம் வைத்து ஒட்டி, நீர்த்த பழுப்பு வண்ணத்தில் ஒரு முறை முக்கி எடுத்தேன். விளிம்பு மட்டும் கொஞ்சம் கருத்துவிட்டது, அசல் எண்ணெய்ச் சட்டியிலிருந்து வந்தது போல. முந்திரிக்கொத்துக்குப் பாலிமர் களிமண்ணில் மூன்று மில்லிமீட்டர் உருண்டை போதும். பொட்டலத்தில் போட்டிருக்கும் சூட்டுக்கு மேல் போகாமல், சமையலுக்குப் பயன்படுத்தாத சிறு அடுப்பில் சுடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள்.

தட்டில் அடுக்கிய பலகாரத்தைவிட, மூடி பாதி திறந்த மைலோ டின்னில் முறுக்கு இருப்பது எனக்குப் பிடிக்கும். அந்த டின்னை யாரோ இப்போதுதான் திறந்தார்கள் என்று தோன்றும்.

முத்துச்சரம் | நவம்பர் 8

தங்கச்சி, மைலோ டின் என்றதும் அம்மாவிடம் சாடையாகக் கேட்டேன். முறுக்கு எப்போதும் சதுர பிஸ்கட் டின்னில்தான் இருக்கும், மைலோ டின்னில் கல்கல் இருக்கும் என்று உடனே சொன்னார். அதோடு நான் மறந்தே போன ஒன்றையும் சொன்னார். பக்கத்து வீட்டு யுரேஷியப் பாட்டி ஒவ்வோர் ஆண்டும் ரவையும் பாதாமும் சேர்த்த சுஜி கேக் கொடுத்தனுப்புவார்; அம்மா அந்தத் தட்டைக் காலியாகத் திருப்பித் தராமல் அச்சுமுறுக்கு வைத்துத் தருவார். ஆகவே மேசையில் நம் தட்டுகளுக்கு நடுவே வேறு வீட்டுப் பூவேலைத் தட்டு ஒன்று இருக்கும். அதையும் செய்யப் போகிறேன்.

வாழ்த்து அட்டைகளும் நினைவுக்கு வந்தன. சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நூல் கட்டி, வந்த அட்டைகளையெல்லாம் அதில் தொங்கவிடுவோம். அம்மாவின் பெட்டியில் பழைய அட்டைகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றைப் படம்பிடித்து அப்படியே சுருக்கலாமா?

மரவேலைப்பிரியன் | நவம்பர் 8

தாராளமாக. ஸ்கேனரில் 600 புள்ளி அடர்த்தியில் எடுத்து 8.33 விழுக்காடாகச் சுருக்குங்கள். 12 சென்டிமீட்டர் அகலமும் 17 சென்டிமீட்டர் உயரமும் உள்ள அட்டை 10க்கு 14 மில்லிமீட்டர் ஆகும். முன்பக்கம் மட்டும் போதாது, உள்ளே எழுதியிருப்பதையும் அச்சிட்டு மடித்து ஒட்டுங்கள். படிக்க முடியாதுதான், ஆனால் கையெழுத்தின் ஓட்டம் தெரியும். மடிப்பின் வெள்ளை விளிம்புகளில் வண்ணப் பென்சிலைத் தடவிவிட்டால் காகிதம் வெட்டிய தடம் மறையும். சாதாரண நூல் இந்த அளவில் தாம்புக்கயிறு போல் இருக்கும். பட்டுப் புடைவையின் ஒற்றை இழையை உருவி எடுத்துப் பயன்படுத்துங்கள்.

முத்துச்சரம் | நவம்பர் 19

தரையும் பொய்ச்சுவரும் முடிந்தன. முட்டையோட்டுத் தெராசோ நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. மருமகன் உண்மையான கல் என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

இப்போது விளக்கில் மாட்டிக்கொண்டேன். மிகச் சிறிய எல்இடி விளக்குகளை வாங்கினேன்: கூரைக்கு வெள்ளை, குடிலுக்குச் சிவப்பு. இரண்டையும் ஒரே 3 வோல்ட் பொத்தான் மின்கலத்தில் இணைத்தால் சிவப்பு மட்டும் எரிகிறது. சிவப்பைக் கழற்றினால் வெள்ளை எரிகிறது. விளக்கு கெட்டுப்போகவில்லை. இதற்கு என்ன காரணம்?

மின்மினி | நவம்பர் 19

வணக்கம் அக்கா. விளக்கில் குறை இல்லை. சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். வெள்ளைக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். இரண்டையும் அருகருகே நேராக இணைத்தால் சிவப்பு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு மின்னழுத்தத்தைத் தன் அளவுக்கு இறக்கிவிடுகிறது. வெள்ளைக்குத் தேவையானது கிடைப்பதில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி மின்தடை வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

பொத்தான் மின்கலத்தையே விட்டுவிடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். அதன் ஆற்றல் குறைவு என்பதோடு, வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அது மிக ஆபத்தானது. விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம். கைப்பேசி மின்னூட்டியின் 5 வோல்ட் யுஎஸ்பி கம்பி போதும். இவ்வளவு சிறிய விளக்குக்கு 5 மில்லியாம்பியர் தாராளம். வெள்ளைக்கு 5இல் 3 போக மீதி 2 வோல்ட், அதை 0.005ஆல் வகுத்தால் 400 ஓம். கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 470. சிவப்புக்கு மீதி 3 வோல்ட், 600 ஓம், 680 வாங்குங்கள். சிம் லிம் டவரில் உதிரிபாகக் கடைகளில் இவை எளிதாகக் கிடைக்கும்.

மரத்துக்கு எல்இடியே வேண்டாம். மிகச் சிறிய 0402 வகை விளக்குகூட ஒரு மில்லிமீட்டர் நீளம், நிஜத்தில் 12 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக அரை மில்லிமீட்டர் ஒளியிழைகளை வாங்கி, இருபது இழைகளை மரத்தின் தண்டு வழியாக மேலே ஏற்றிக் கிளைகளின் நுனியில் வெட்டிவிடுங்கள். அடியில், வானொலிப் பெட்டிக்குள், ஒரே ஒரு 5 மில்லிமீட்டர் வெள்ளை எல்இடி இருக்கட்டும். அரை மில்லிமீட்டர் இழை 6 மில்லிமீட்டர் குமிழாகத் தெரியும். அந்தக் காலத்து வண்ணக் குமிழ் விளக்குகளின் அளவு ஏறக்குறைய அதுதான். நுனிகளில் கண்ணாடி வண்ணத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று தொட்டு வையுங்கள்.

கூரை விளக்கைப் பற்றியும் ஒரு சொல். பொம்மைவீடு என்றாலே எல்லோரும் மஞ்சள் ஒளி போடுகிறார்கள். 1979 வீவக வரவேற்பறையில் நான்கடி வெள்ளைக் குழல்விளக்குதானே எரிந்திருக்கும்? நான்கு அங்குல அக்ரிலிக் தண்டு ஒன்றைச் சொரசொரப்பாகத் தேய்த்து இரு முனையிலிருந்தும் குளிர்வெள்ளை ஒளியைச் செலுத்துங்கள். அந்த வெள்ளைக்கு நடுவே நட்சத்திரத்தின் மஞ்சளும் மரத்தின் வண்ணங்களும் தனியாக நிற்கும்.

நெல்லைச்சீமை | நவம்பர் 20

மின்மினி தம்பி சொன்னது மிகச் சரி. குழல்விளக்கு வெளிச்சத்தில்தான் ஜிகினாத் தோரணம் அப்படி மின்னும்.

சிராங்கூன் தென்றல் | நவம்பர் 27

மரத்தின்மேல் பனி போடுவீர்களா? இங்கே பனியே இல்லை. 1979 சிங்கப்பூர் அறையில் பனி வேண்டாம் என்பது என் கருத்து.

முத்துச்சரம் | நவம்பர் 28

தென்றல், இதில் உங்களோடு உடன்பட முடியவில்லை. பனி இல்லாத ஊரில்தான் நாங்கள் பஞ்சை வைத்தோம். மருந்துக்கடையில் நீல உறையில் வரும் பஞ்சுச் சுருளை அம்மா பிய்த்துத் தர, நானும் தம்பியும் கிளைகளில் வைப்போம். நான் காட்டப் போவது பனியை அல்ல, பஞ்சை. பஞ்சாகவே அது தெரிய வேண்டும்.

மரவேலைப்பிரியன் | நவம்பர் 28

அப்படியானால் பஞ்சையே வையுங்கள். கட்டியாக வைத்தால் மேகம் இறங்கியது போல் ஆகிவிடும். ஒரு சிட்டிகையைச் சிலந்திவலை அளவுக்கு இழுத்து, இடுக்கியால் கிளையில் படுக்க வையுங்கள். சமையல் சோடாவைத் தூவச் சொல்பவர்கள் உண்டு. நம் ஈரக்காற்றில் அது கட்டிதட்டிவிடும், வேண்டாம்.

முத்துச்சரம் | டிசம்பர் 9

ஒரு பின்னடைவு. சதுர பிஸ்கட் டின்களையும் கம்பிக் கதவின் கீல்களையும் சூப்பர் குளூவால் ஒட்டிவிட்டு, தூசி விழக் கூடாதே என்று அக்ரிலிக் பலகையை உடனே மூடிவிட்டேன். காலையில் பலகையின் உட்புறம் முழுவதும் புகைபடிந்தது போல் வெண்மை. துடைத்தால் திட்டுத்திட்டாகப் பரவுகிறது. ஒரு மாத வேலையைப் பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போல் இருக்கிறது. மிகவும் மனம் சோர்ந்துவிட்டேன்.

மரவேலைப்பிரியன் | டிசம்பர் 9

சோராதீர்கள், இது எல்லோருக்கும் நடக்கும். சூப்பர் குளூ காயும்போது வெளிவிடும் ஆவி மூடிய பெட்டிக்குள் வெளியேற வழியில்லாமல் பலகைமேல் படிந்து வெள்ளையாகிவிடுகிறது. ஈரப்பதம் அதை இன்னும் அதிகமாக்கும். பலகையைக் கழற்றி, அக்ரிலிக்குக்கான மெருகுக் களிம்பை மென்மையான பருத்தித் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். போகவில்லையென்றால் பலகையை மட்டும் புதிதாக வெட்டிக்கொள்ளலாம், உள்ளே ஒன்றும் கெடவில்லை. இனிமேல் அந்தப் பசையைத் தொட்டால் ஒரு நாள் முழுவதும் பெட்டி திறந்தே இருக்கட்டும்.

முத்துச்சரம் | டிசம்பர் 16

பலகை தெளிந்துவிட்டது, ஒரு மூலையில் மட்டும் மெல்லிய திரை இருக்கிறது. அங்கே சன்னல் வருவதால் தெரியவில்லை. மிக்க நன்றி ஐயா.

குடிலைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அப்பா வைக்கோலும் அரிசிச் சாக்கும் கொண்டு கட்டுவார். சாக்கை மைக்கரைசலில் முக்கிக் கசக்கினால் பாறை ஆகிவிடும். நான் தேநீர்ப் பையின் தாளை அதேபோல் கசக்கி மலை செய்தேன். வைக்கோலுக்குத் தேங்காய் நாரைச் சீவினேன். எங்கள் வீட்டுச் சுரூபங்கள் ஆறு அங்குலம் இருந்தன, ஆகவே இங்கே அரை அங்குலம். மாதாவும் சூசையப்பரும் பல்குச்சியின் நுனியில் செதுக்கி வண்ணம் பூசியவை. குழந்தை இயேசுதான் கடினம்: அந்தச் சுரூபம் ஒன்றரை அங்குலம், இங்கே மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுமேல். நொய்யரிசி ஒன்றை எடுத்து வண்ணம் பூசலாம் என்று முதலில் நினைத்தேன், அளவு அவ்வளவு பொருத்தம். பூச்சி அரித்துவிடுமே என்று விட்டுவிட்டேன். களிமண்ணில் ஏழாவது முறை கை கால் தெரியும்படி வந்தது. தீப்பெட்டிக்குள் பஞ்சில் பத்திரமாக இருக்கிறது. 24ஆம் தேதி நள்ளிரவில்தான் வைப்பேன்.

மூன்று அரசர்களை அலமாரியின் மறுகோடியில் நிறுத்தியிருக்கிறேன். ஜனவரி 6 வரை நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி வருவேன். அப்பா அப்படித்தான் செய்வார்.

சிராங்கூன் தென்றல் | டிசம்பர் 17

படங்களைப் பார்த்தேன். மாடத்தில் வைக்கச் சொன்ன அட்டைகள் நூலில் தொங்குவது மனத்தைத் தொட்டது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள பெட்ரோனெல்லா ஊர்ட்மனின் பொம்மைவீட்டுக்குச் சீனாவிலிருந்து சிறு பீங்கான்களைச் செய்து வரவழைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். உங்கள் மேசையில் பக்கத்து வீட்டுத் தட்டைப் பார்த்தபோது அது நினைவுக்கு வந்தது. ஆள் பொம்மைகள் வைக்காமல் விட்டதும் நல்ல முடிவு. தோர்ன் அறைகளிலும் மனிதர்கள் இல்லை, ஆனால் ஒருவர் இப்போதுதான் எழுந்து போனது போல் இருக்கும்.

முத்துச்சரம் | டிசம்பர் 24, மாலை

அம்மாவிடம் காட்டிவிட்டேன். வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். காலண்டரைப் படித்தார். சுஜி கேக் தட்டைப் பார்த்து அந்தப் பாட்டியின் பெயரைச் சொன்னார். பிறகு விரலை நீட்டிக் கேட்டார்: “கம்பிக் கதவு ஏன் மூடியிருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு நாம் எப்போது கதவை மூடினோம்?”

உண்மைதான். முதல் நாள் மாலையிலிருந்தே கதவு திறந்திருக்கும், யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். கதவை மூடிய நிலையில் கீலோடு சூப்பர் குளூவால் ஒட்டிவிட்டேன். பூசைக்குக் கிளம்ப இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது. மரவேலைப்பிரியன் ஐயா, பார்த்தால் உடனே சொல்லுங்கள், எப்படிப் பிரிப்பது?

மரவேலைப்பிரியன் | டிசம்பர் 24, மாலை

அக்ரிலிக் பலகையை முதலில் கழற்றி வேறு அறையில் வையுங்கள், அசிட்டோன் பட்டால் அது கரைந்துவிடும். நுரை அட்டைமேலும் படக் கூடாது. கதவைச் சுற்றிச் சமையலறை அலுமினியத் தாளைச் செருகுங்கள். அசிட்டோனைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு, கீலில் மட்டும் ஒற்றி, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஒற்றுங்கள். பிறகு புதிய சவர அலகை இடுக்கில் விட்டு மெதுவாக நெம்புங்கள். வண்ணம் போகும், அதைத் தொட்டுக்கொள்ளலாம். திரும்ப ஒட்ட வெள்ளைப் பசை போதும், சூப்பர் குளூ வேண்டாம்.

நெல்லைச்சீமை | டிசம்பர் 24, இரவு

அக்கா, கதவு திறந்ததும் வெளியே செருப்புகளை வையுங்கள். எங்கள் வீட்டுக்குக் கீத பவனிக் குழு வந்தால் வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு செருப்பு இரண்டு சென்டிமீட்டர், பழைய ரப்பர் பாயில் வெட்டினால் ஐந்து நிமிட வேலை.

முத்துச்சரம் | டிசம்பர் 25, அதிகாலை

இப்போதுதான் ஆலயத்திலிருந்து வந்தோம். கதவு திறந்துவிட்டது, கீழ்க்கீலில் ஒரு கீறல் இருக்கிறது. வெளியே பதினோரு சோடிச் செருப்பு வைத்திருக்கிறேன். ஒரு சோடி மட்டும் கவிழ்ந்து கிடக்கிறது, அது தம்பியுடையது. குழந்தை இயேசுவை அம்மா தம் கையால் இடுக்கியில் எடுத்து வைத்தார். கை நடுங்கியதால் கொஞ்சம் சாய்ந்து விழுந்துவிட்டது, நிமிர்த்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சுஜி கேக் உண்மையாகவே செய்திருக்கிறேன். இப்போது அதை வெட்டப் போகிறோம்.